மாடு எந்தப் பக்கம்?

வெர்லீன் மேபெரிக்குப் பரீட்சைக் காய்ச்சல் கண்டபோது அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. படுக்கப் போடும் காய்ச்சல் இல்லை, உட்காரவிடாத காய்ச்சல். குளிர்பெட்டிக் கதவில் பெருக்கல் வாய்பாட்டை ஒட்டினாள். சலவை இயந்திரத்தின் மூடியில் முக்கோண வகைகளை ஒட்டினாள். குளியலறைக் கண்ணாடியில் காற்புள்ளி எங்கே வரும், அரைப்புள்ளி எங்கே வரும் என்று ஒரு பட்டியல். அவள் கணவன் ராஸ்கோ காலையில் சவரம் செய்யப் போனால், அவன் தாடைக்கு நேராக ஒரு அரைப்புள்ளி நின்று முறைக்கும்.

"முப்பது வருஷமா என் தாடிய நானேதான் எடுக்கறேன்," என்றான் ராஸ்கோ. "எங்க நிறுத்தணும்னு இப்பதான் எழுதி வச்சிருக்காங்க."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்க நேரமில்லை. ஜூன் பத்து ஆகிவிட்டது, பரீட்சை ஜூலை இருபத்தேழாம் தேதி.

தெற்கு ஜார்ஜியாவில், கடலை வயல்களுக்கும் பீக்கன் கொட்டைத் தோப்புகளுக்கும் நடுவில் இருக்கிற பைன் லெவல் தொடக்கப்பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில் வெர்லீன் பத்தொன்பது வருடமாகப் பரிமாறுகிறாள். ஒரு பிள்ளை வரிசையில் நகர்ந்து வந்து அவள் முன்னால் நிற்பது சுமார் நாற்பது விநாடி. அந்த நாற்பது விநாடியில் அவளுக்குத் தெரியாதது இல்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிடாத பிள்ளை எது, காலையில் அழுதது எது, புதுக் காலணி போட்டிருப்பதை யாராவது பார்க்க மாட்டார்களா என்று காலை முன்னால் நீட்டுவது எது, எல்லாம் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என்ன ஆகிறது என்பது மட்டும் தெரியாது. வகுப்பில் எழுத்துக் கூட்டுகிறதா, திணறுகிறதா, இருபது வரை எண்ணுகிறதா? தட்டு போய்விடும், பிள்ளையும் போய்விடும், அடுத்த பிள்ளை வந்து நிற்கும். இது அவளைப் பத்தொன்பது வருடமாக அரித்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் அரித்தது, அதை அவள் வெளியே சொன்னதில்லை. அந்தப் பள்ளியில் வகுப்பறைக்குள் நிற்பவர்களைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், பிள்ளைகளும் சரி, பிள்ளைகள் காதுபடப் பெரியவர்களும் சரி. மிஸ் டட்டில், மிஸ்டர் ஹோக்கம் என்று. சமையல்கூடத்தில் நிற்பவர்களுக்கு முதல் பெயர்தான். மிஸ் வெர்லீன், மிஸ் ஜெர்டீன். இதற்கென்று யாரும் சட்டம் எழுதவில்லை, கூப்பிடுவதிலும் அன்புக்குக் குறைவில்லை. ஆனாலும் மேபெரி என்ற பெயர் அந்தக் கட்டடத்துக்குள் தபாலில் வந்ததோடு சரி, யார் வாயிலும் வந்ததில்லை.

மே மாதம் வாய்ப்பு தானாக வந்து கதவைத் தட்டியது. ஐந்து வயதுப் பிள்ளைகளின் மழலை வகுப்பில் மிஸ் டட்டிலுக்கு உதவியாளராக இருந்த பெண், கணவனோடு வேறு ஊருக்குக் குடிபோகிறாள். இந்த உதவியாளர்களை அந்தப் பக்கத்தில் பாராப்ரோ என்பார்கள். பள்ளி முதல்வர் டாக்டர் ஃபேர்க்ளாத் பீச் பழப் பணியாரம் வாங்க வந்த இடத்தில், தட்டை நீட்டிக்கொண்டே அந்த இடத்துக்கு வெர்லீனை நினைத்திருப்பதாகச் சொன்னார். பிள்ளைகள் அவள் பேச்சைக் கேட்கிற மாதிரி வேறு யார் பேச்சையும் கேட்பதில்லையாம். ஆனால் பாராப்ரோ தகுதித் தேர்வில் தேற வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் ஒருத்தி தேறிய சான்றிதழோடு ஏற்கெனவே மனுப் போட்டிருக்கிறாள். ஜூலை முடியும்வரைதான் இடத்தைப் பிடித்து வைக்க முடியும். தோற்றால் மறுபடி எழுத ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், பள்ளியோ ஆகஸ்டு முதல் வாரமே திறந்துவிடும். ஆக ஒரே ஒரு தடவைதான்.

"சரிங்க மேடம்," என்றாள் வெர்லீன். சொல்லிவிட்டு முதல்வரின் தட்டில் மூன்று பேருக்கான பணியாரத்தை வைத்துவிட்டாள். கை அவள் சொல்படி கேட்கவில்லை.

சமையல்கூடத்துக்குத் தலைவி ஜெர்டீன் புல்லோக். வெர்லீனின் உயரத்தில் பாதி, குரலில் இரண்டு மடங்கு. விஷயம் தெரிந்ததும் மூன்று நாள் வெர்லீனோடு பேசவில்லை. பானைகளைப் பேசவிட்டாள், அவை பேசிய பேச்சு பள்ளி வாசல்வரை கேட்டது. நான்காம் நாள் ஒரு கட்டு அட்டையைக் கொண்டுவந்து ரொட்டி மாவு பிசையும் மேசையில் போட்டாள். ஒவ்வொரு அட்டையிலும், பரீட்சைக்கான புத்தகத்திலிருந்து எடுத்து, அவள் கையெழுத்தில் ஒரு கேள்வி.

"போறதா இருந்தா பாஸ் பண்ணிட்டுப் போடி," என்றாள். "ஃபெயிலாகிட்டு இங்கயே நின்னு என் முன்னாடி மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருந்தன்னா, அந்தக் கண்றாவிய என்னால பாக்க முடியாது."

கோடை விடுமுறையிலும் அந்தச் சமையல்கூடம் நடக்கும். ஊர்ப் பிள்ளைகள் யார் வந்தாலும் மதியச் சாப்பாடு உண்டு. மாவு உப்புவதற்கு ஆகும் முக்கால் மணி நேரம்தான் பாட நேரம். வெர்லீன் மேசையின் ஒரு பக்கம், ஜெர்டீன் இன்னொரு பக்கம், நடுவில் ஈரத்துணி போர்த்திய மாவு.

முதல் வாரத்திலேயே ஒரு கூத்து நடந்தது. நூற்று நாற்பத்திரண்டு பிள்ளைகள் சுற்றுலா போகிறார்கள், ஒரு பேருந்தில் நாற்பத்தெட்டுப் பேர், எத்தனை பேருந்து வேண்டும் என்று அட்டை கேட்டது. நான்கு என்றாள் வெர்லீன். மூன்று போதும் என்று காட்டினாள் ஜெர்டீன். கணக்கு வெர்லீனுக்குத் தெரியாமல் இல்லை, மூன்று என்று அவளுக்கும் வந்தது. ஆனால் யாராவது தம்பியையோ தங்கையையோ கூட்டிவந்தால் என்ன செய்வது என்று ஒன்றைக் கூட்டி வைத்தாள். அடுத்த கணக்கிலும் அப்படித்தான், ரிப்பன் இரண்டு முழம் கூடுதல். பத்தொன்பது வருடமாக அவள் எதையும் அளவாகச் சமைத்ததில்லை. பாத்திரம் காலியாகி ஒரு பிள்ளை தட்டோடு நிற்பதைவிடப் பெரிய அவமானம் அவளுக்குத் தெரிந்து உலகத்தில் இல்லை.

"பரீட்சைத் தாள்கிட்ட யாரும் ரெண்டாவது தடவ சோறு கேட்டு வரமாட்டாங்கடி," என்றாள் ஜெர்டீன். "கேட்டத மட்டும் போடு."

இது ஒரு வாரத்தில் திருந்தியது. பின்னங்கள் அதைவிட வேகமாக வந்தன, அதுவும் எங்கிருந்து என்றால் கரண்டியிலிருந்து. விசை வைத்த அளவுக் கரண்டிகளுக்கு நம்பர் உண்டு. ஒரு குவார்ட், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர், உருளைக்கிழங்கு மசியலை எட்டுப் பங்காக அள்ளுவது எட்டாம் நம்பர் கரண்டி, பதினாறாக அள்ளுவது பதினாறாம் நம்பர். நம்பர் ஏறினால் கரண்டி சிறுக்கும். எட்டில் ஒன்று பெரிதா பதினாறில் ஒன்று பெரிதா என்று புத்தகம் கேட்டபோது வெர்லீன் பதில்கூடச் சொல்லவில்லை, ஆணியில் தொங்கிய இரண்டு கரண்டிகளையும் எடுத்து ஜெர்டீன் முன்னால் டங்கென்று வைத்தாள். பள்ளியில் படித்த நாளில் பின்னம் வந்த பக்கத்தை அவள் புரட்டிவிட்டுப் போய்விடுவாள். அந்தச் சனியன் இத்தனை வருடமாகத் தன் கையிலேயே இருந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலை ராஸ்கோவின் தட்டில் மசியலை நான்கு வெவ்வேறு கரண்டியால் அள்ளிப் போட்டு எது எத்தனையில் பங்கு என்று கேட்டாள். மூன்று சரியாகச் சொன்ன பிறகுதான் குழம்பு ஊற்றினாள்.

ஜூலை பிறந்தபோது நிலைமை இப்படி இருந்தது: வாசிப்பு நன்றாக இருந்தது, எழுத்து பரவாயில்லை, கணக்கு கையில் வந்துவிட்டது. மாதிரித் தேர்வு ஒன்றை முழுதாக எழுதிப் பார்த்தாள். ஜெர்டீன் திருத்தினாள். திருத்தத் திருத்த அவள் முகம் சுருங்கியது.

வகுப்பறைக் கேள்விகள் என்று ஒரு வகை உண்டு, தாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதுதான். ஒரு பிள்ளை இப்படித் தப்பு செய்கிறது, உதவியாளர் என்ன செய்ய வேண்டும்? நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முப்பத்தாறில் வெர்லீன் இருபத்தொன்றைக் கோட்டைவிட்டிருந்தாள். இருபத்தொன்றும் ஒரே மாதிரித் தப்பு. எந்த விடையில் உதவியாளர் பிள்ளைக்குச் செய்து காட்டுகிறாரோ, சொல்லிக் கொடுக்கிறாரோ, கையைப் பிடித்து எழுத வைக்கிறாரோ, அதில் போய் விழுந்திருந்தாள். புத்தகமோ, எப்படிச் செய்தாய் என்று பிள்ளையைக் கேள் என்றது, அதுவே கண்டுபிடிக்கும்படி ஒரு கேள்வி போடு என்றது.

வெர்லீனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புத்தகம் எழுதியவர் ஒரு நாளாவது சாப்பாட்டுக்கூடத்தில் நின்றிருக்கிறாரா என்று கேட்டாள். ஒரு வகுப்புக்குச் சாப்பிட இருபத்தைந்து நிமிடம். பால் டப்பா திறக்க வரவில்லை என்று ஒரு பிள்ளை கையைத் தூக்கினால், நீ எப்படித் திறந்தாய் என்று விசாரித்துக்கொண்டா நிற்க முடியும்? அது பால் குடிக்காமலே எழுந்து போய்விடும். அவள் ஒரு நாளைக்கு நூறு டப்பா திறக்கிறாள். சாஸ் பாக்கெட்டைக் கிழிக்கிறாள், ஆரஞ்சை உரிக்கிறாள். அதுதான் உதவி.

"பிள்ளைக்குத் தேவைன்னா செஞ்சு குடுக்கணும்," என்றாள். "வேடிக்க பாக்கறதுக்கு எதுக்கு ஒரு ஆளு?"

ஜெர்டீன் மாவின் மேலிருந்த துணியை விலக்கிப் பார்த்தாள், திரும்பப் போர்த்தினாள். பிறகு, இன்று மதியம் வெர்லீன் பரிமாற வேண்டாம், சாப்பாட்டு மேசைகளைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றாள். ஒரு நிபந்தனை. இரண்டு கையும் ஏப்ரன் பைக்குள் இருக்க வேண்டும். வெளியே வந்தால் ஒரு வாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி கழுவுவது அவள் பொறுப்பு.

அந்த மதியம் வெர்லீன் பட்ட பாடு சொல்லி மாளாது. எட்டு மேசை, எழுபது பிள்ளைகள், எந்தப் பக்கம் திரும்பினாலும் நீட்டிய டப்பா. பைக்குள் விரல்கள் துடித்தன. ஒரு பையன் பல்லால் கடித்துத் திறந்தான், ஒருத்தி பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னாள். மூன்றாவது மேசையில் ப்ரைலீ என்று ஒரு பெண், ஐந்து வயது, ஆகஸ்டில் மழலை வகுப்பு சேரப் போகிறவள். டப்பாவின் கூரைபோன்ற மேல் பகுதியைப் பிய்த்துப் பிய்த்து அட்டையைக் கூழாக்கி வைத்திருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. டப்பாவை வெர்லீனிடம் நீட்டினாள்.

வெர்லீன் ஜெர்டீனைப் பார்த்தாள். ஜெர்டீன் பரிமாறும் இடத்திலிருந்து எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

வேறு வழியில்லாமல், எரிச்சலோடுதான், வெர்லீன் முழங்காலிட்டுப் புத்தகத்தின் கேள்வியைக் கேட்டாள்.

"கண்ணு, எப்படித் தெறந்த, சொல்லு பாக்கலாம்."

"இந்தப் பக்கம்," என்றாள் ப்ரைலீ.

"ஏன் இந்தப் பக்கம்?"

இவ்வளவு பெரிய மனுஷிக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல ப்ரைலீ அவளைப் பார்த்தாள். "மாடு இந்தப் பக்கம் இருக்கு. பால் மாட்டுகிட்டதான இருக்கும்?"

டப்பாவின் அந்தப் பக்கத்தில் ஒரு மாட்டின் படம் அச்சடித்திருந்தது.

வெர்லீன் அந்த மாட்டைப் பார்த்தாள். பத்தொன்பது வருடம், நாளுக்கு நூறு டப்பா. ஒவ்வொன்றையும் வாங்கி, சரியான பக்கத்தைத் திறந்து, திருப்பிக் கொடுத்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு விரலில் வலுவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். வலு இருந்தது. இந்தப் பிள்ளைக்குக் காரணமும் இருந்தது, அதுவும் என்ன அழகான காரணம். அதை யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்துக்குள்ளேயே ஒரு துள்ளலும் இருந்தது.

"சரி, மாடு இல்லாத பக்கத்துல என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

ப்ரைலீ டப்பாவைத் திருப்பினாள். அம்புக்குறி இருப்பதாகச் சொன்னாள். அம்புக்குறி எதற்காக இருக்கும் என்று கேட்டதற்குச் சற்று நேரம் யோசித்தாள். பிறகு பதிலே சொல்லாமல் இரண்டு கட்டைவிரலையும் அங்கே வைத்துத் தள்ளினாள். டப்பாவின் மூக்கு பிளந்தது, பால் கொஞ்சம் மேசையில் சிந்தியது. அதன் பிறகு அவள் தன் மேசையில் இருந்த எல்லோருடைய டப்பாவுக்கும் போய், அம்பு எங்கே அம்பு எங்கே என்று அதிகாரம் செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

வெர்லீன் சமையல்கூடத்துக்குள் கிட்டத்தட்ட ஓடித்தான் வந்தாள். கை இன்னும் பைக்குள்ளேயே இருந்தது.

"ஜெர்டீன், அந்தப் புள்ள தப்பு பண்ணல. அது சரியா யோசிச்சு தப்பான பக்கத்துக்குப் போயிருக்கு."

"அதத்தான் புத்தகம் இருபத்தோரு தடவ சொல்லுச்சு," என்றாள் ஜெர்டீன். "நீதான் சண்ட போட்ட."

அன்றிலிருந்து வகுப்பறைக் கேள்வி எது வந்தாலும் வெர்லீன் முதலில் ஒன்றைத்தான் கேட்டாள்: இந்தப் பிள்ளைக்கு மாடு எந்தப் பக்கம்? பதிமூன்றுடன் ஐந்தைக் கூட்டி அறுபத்துமூன்று என்று ஒரு பிள்ளை எழுதினால், மாடு எந்தப் பக்கம்? ஐந்தைப் பத்துகளின் கீழே வைத்திருக்கிறது, இடப்பக்கம் நேராக வர வேண்டும் என்று நினைத்திருக்கிறது. கண்டுபிடிக்கும்போதெல்லாம் மேசையைத் தட்டினாள், மாவு குதித்தது. தேவாலயத்தில் பாட்டுக்குழுவில் நிற்கும்போதும் அவள் வாய் முணுமுணுத்தது, பக்கத்தில் நின்றவள் அதை ஜெபம் என்று நினைத்து ஆமென் போட்டாள். ஆனாலும் பழைய கை பழைய கைதான். அசந்தால் செய்துகாட்டும் விடைக்கே ஓடியது. அதனால் ஜெர்டீன் அட்டையைக் காட்டும்போதெல்லாம் கையின் மேல் உட்காரச் சொன்னாள். வெர்லீனும் உட்கார்ந்தாள். விரல் மரத்துப் போகும்வரை படித்தாள்.

ஜூலை இருபத்தேழு காலை, ஐம்பது மைல் தள்ளியிருந்த தொழிற்கல்லூரிக்கு ராஸ்கோ காரை ஓட்டினான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், தண்டவாளம் வந்தால் நிறுத்தி, கதவைத் திறந்து, ரயில் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அந்த வண்டிக்குச் சட்டம். முப்பது வருடத்தில் அவன் ஒரு தண்டவாளத்தையும் நிற்காமல் கடந்ததில்லை. அன்றும் ஒவ்வொன்றிலும் நிறுத்தினான், கதவைத் திறந்தான், இரண்டு பக்கமும் பார்த்தான். வெர்லீனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கல்லூரி வாசலில் அவளை இறக்கிவிட்டபோது மட்டும் அவன் கிண்டலை மூட்டை கட்டினான்.

"கண்ணு, உனக்கு முப்பத்தஞ்சு வருஷமா நானே பேரு வச்சிருக்கேன், கெட்டிக்காரின்னு. இன்னிக்கு அத ஒரு கம்ப்யூட்டரும் சொல்லட்டும்."

உள்ளே கைப்பையை வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள், கைக்கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. தொண்ணூறு கேள்வி, இரண்டரை மணி நேரம். திரையில் முதல் கேள்வி வந்ததும் அவள் பயமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. படிக்கிறாள், சொடுக்குகிறாள், அடுத்தது. ரிப்பன் கணக்கு வந்தது, உதிரி வைக்காமல் போட்டாள். ஆறில் ஒன்று பெரிதா எட்டில் ஒன்று பெரிதா என்றும் வந்தது, வாய்விட்டுச் சிரிக்கப் பார்த்தாள். தட்டு மேல் தட்டாகக் கேள்விகள் நகர்ந்தன. தொண்ணூறாவது கேள்வியைச் சொடுக்கிவிட்டு நிமிர்ந்தால் இன்னும் ஒரு மணி பத்து நிமிடம் மீதி இருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் பாதியில் இருந்தார்கள்.

முடிக்கலாமா என்று திரை கேட்டது. ஆம் என்ற பொத்தானுக்கு அவள் கை போய்விட்டது.

பொத்தான் மேல் நின்ற கையை அவள் பார்த்தாள். இவ்வளவு அவசரம் யாருக்காக? பின்னால் வரிசை இல்லை. மணி அடிக்கப் போவதில்லை. யாருடைய சாப்பாடும் ஆறவில்லை. கை மட்டும் இன்னும் பரிமாறிக்கொண்டிருந்தது. பின்னோக்கிப் போய் வகுப்பறைக் கேள்வி ஒன்றைத் திறந்தாள். சந்தேகமே இல்லை, வேகத்தில் கை செய்துகாட்டும் விடையில்தான் விழுந்திருந்தது. அடுத்ததிலும் அப்படியே.

அவள் எழுந்து, நாற்காலியைச் சரிசெய்து, இரண்டு கையின் மேலும் உட்கார்ந்தாள். கண்காணிப்பாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். முதல் கேள்வியிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு பிள்ளையாக அவள் முன்னால் வந்து நின்றது. ஒரு பையன் படத்தைப் பார்த்துக் குதிரை என்று வாசித்திருந்தான், எழுத்தோ வேறாக இருந்தது. ஒரு பெண் கடிகாரத்தில் நான்கைக் காட்டும் பெரிய முள்ளை நான்கு நிமிடம் என்று சொல்லியிருந்தாள். ஒவ்வொன்றிடமும் மாடு எந்தப் பக்கம் என்று பொறுமையாக விசாரித்தாள். விடையை மாற்ற வேண்டும் என்று உறுதியான பிறகுதான் ஒரு கையை வெளியே விட்டாள், சொடுக்கியதும் மறுபடி உள்ளே வைத்தாள். பதினாறு விடைகளை மாற்றினாள். கடைசிக் கேள்வியை முடித்தபோது மீதியிருந்தது நான்கு நிமிடம்.

ஆம் என்று அழுத்தினாள். திரை சற்று யோசித்தது, ஒரு எண்ணைக் காட்டியது. தேவையானதைவிடப் பதினொன்று அதிகம்.

வாகன நிறுத்தத்தில் ராஸ்கோ அவளைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு காரில் சாய்ந்தான். இரண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள், ஆளுக்கொரு வேகவைத்த கடலைப் பொட்டலம் வாங்கித் தின்றார்கள். பிறகு அவள் ஜெர்டீனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"எவ்ளோ?" என்றாள் ஜெர்டீன். வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை.

"வேண்டியதுக்கு மேல பதினொன்னு."

"தெரியும்டி. நீ என்னிக்கு அளவா செஞ்சிருக்க." அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. "சரி, சரி, வை. எனக்கு வேல கெடக்கு."

வெர்லீன் வைக்கவில்லை. ஜெர்டீனும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்டில் பள்ளி திறந்த முதல் நாள், பதினொரு மணிக்குச் சாப்பாட்டுக்கூடத்தின் கதவு திறந்தது. பத்தொன்பது பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக, சத்தம் போடாமல் வரிசையில் வரச் சொல்லிக்கொடுத்தபடி கன்னம் உப்ப வாயை மூடிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் வெர்லீன், நீலச் சட்டை, வெள்ளைப் புதுக் காலணி, கழுத்தில் பெயரட்டை. பரிமாறும் மேடையை அவள் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. அது இவ்வளவு உயரம் என்று அவளுக்குத் தெரியாது. வரிசையில் மூன்றாவதாக நின்ற ப்ரைலீ, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் மிஸ்ஸைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக நின்றவன் டேவியன் என்ற பொடியன். வரிசையிலேயே பால் டப்பாவைத் திறக்கப் பார்த்து, திறக்காமல், நகராமல் நின்றுவிட்டான். பின்னால் முதல் வகுப்பு முழுதும் வந்து முட்டியது. மேடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெர்டீனின் கை பழக்கத்தில் நீண்டது. வெர்லீன் ஒரு விரலை உயர்த்தினாள். நீண்ட கை அந்தரத்தில் நின்றது.

வெர்லீன் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு குனிந்தாள்.

"எப்படித் தெறந்த, சொல்லு கண்ணு."

பையன் யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான். முதல் வகுப்பின் வால் கதவுக்கு வெளியே போய்விட்டது. அந்தச் சாப்பாட்டுக்கூடத்தில் வரிசை இவ்வளவு நேரம் நின்றதாக யாருக்கும் நினைவில்லை. தலைவி ஜெர்டீன் புல்லோக் நீட்டிய கையை மெதுவாக இழுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"லைன் நிக்குது," என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி, "மிஸ் மேபெரி."

வெர்லீன் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அழுதுவிடுவாள், அழுதால் பிள்ளை பயந்துவிடும்.

"நிக்கட்டும்," என்றாள். "இவன் இன்னும் யோசிக்கிறான்."